அம்மா கை வைப்பதற்கு முன்

யாரும் தொடாத கம்ப்யூட்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

மழை வரப்போகிறதென்று மாடிக் கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு இறங்கிய ஆல்பக்காரி, கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நகத்தால் மரத்தைச் சுரண்டுவது போலச் சுரண்டும், நிற்கும், என்னவோ யோசித்துவிட்டு வந்த மாதிரி மறுபடியும் சுரண்டும். மாடிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் போயிருந்தாள். திரையில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை. ஆனாலும் பெட்டியின் முகப்பில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைப்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் சித்தப்பாவுக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது, சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளை ஒரே பக்கத்தில் சிரிக்க வைப்பது எல்லாம் இவள் பொறுப்பு. ஆல்பக்காரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது.

அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி பெரிய ஃபைல். கம்ப்யூட்டரின் சொந்த மெமரிக்கு அவ்வளவும் தாங்காது. தாங்காதபோது, டிஸ்கில் மறைவாக வைத்திருக்கும் பேஜிங் ஃபைல் என்ற ஒன்றில் பாதியை இறக்கி வைத்துக்கொள்ளும். விர்ச்சுவல் மெமரி என்பார்கள். அதை அவளுக்குப் புரிய வைத்தது பெரிய மகள். "வீட்டுல இடம் பத்தலன்னா பரண்ல தூக்கிப் போடறோம்ல, அந்த மாதிரிம்மா. ஆனா பரணை ரொம்ப வளரவிடக் கூடாது. அப்புறம் நாம வெளியில நிக்கணும்" என்று சொல்லி, அதற்கு ஒரு அளவும் போட்டுக் கொடுத்தாள். ஆல்பக்காரி இன்றுவரை அந்த அளவைத் தாண்டவிட்டதில்லை.

துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். பரண் அளவைத் தாண்டியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, டிஸ்கில் எள் விழ இடமில்லாமல் நிறைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் இன்னும் கொஞ்சம் ஏறியது.

மேசைக்கு அடியில், அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, வாலு குப்புறப் படுத்துக்கொண்டு கிரேயானால் தரையில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். வாலு என்பது இரண்டாவது மகள். பெரியவள் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்தவள். இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. சேட்டையைப் பார்த்து அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் அன்றைக்குக் குரல் ஒரு குடத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"அம்மா, பொட்டி பேசுது."

"அது பேசல கண்ணு. அதுக்கு உடம்பு சரியில்ல."

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். நல்ல மனிதர், அவளை அக்கா என்று கூப்பிடுவார்; பழைய டிஸ்க் செத்துப்போனபோது புதுசு மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

"தம்பி, டிஸ்க் நிரம்பிக் கிடக்கு. நான் ஒண்ணுமே ஏத்தல. அந்தப் பேஜிங் ஃபைல் தானா வளருது."

"தானாவெல்லாம் வளராதுக்கா. எதையாவது அமுக்கியிருப்பீங்க."

"எல்லாரும் இதையே சொல்லுங்க. நாளைக்கு ஸ்டுடியோவுக்கு ஆல்பம் கொடுக்கணும், என்ன பண்றது சொல்லு."

"சிஸ்டம் ரெஸ்டோர் போட்டுடுங்க. நல்லா இருந்த ஒரு தேதிக்குத் திரும்பிப் போயிடும். உங்க படமெல்லாம் பத்திரமா இருக்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் புதுசா சேர்ந்தது மட்டும்தான் போகும்."

அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். எந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டது. ஒரே ஒரு தேதிதான் இருந்தது. அதற்கு எதிரே அதன் பெயர்.

அம்மா கை வைப்பதற்கு முன்.

போனில் ரிப்பேர்காரர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அம்மா கம்ப்யூட்டரில் உட்காரப்போகிறாள் என்றால், உட்காருவதற்கு முன்னால் ஓடிவந்து ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்டுவிடுவாள். "நீ எப்படியும் எதையாவது கெடுப்ப, நான் திருப்பி எடுக்கணும்ல." ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் பெயர். கடைசியாக அவள் போட்டதற்குப் பெயர் இது. மறுநாள் காய்ச்சலென்று படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவேயில்லை. தேதியும் அதே தேதிதான்.

"தம்பி, இதுல பெரியவ போட்டது ஒண்ணு இருக்கு."

"அக்கா, அந்த டிஸ்க்கை நான்தான கழட்டிட்டுப் போனேன். இப்ப இருக்கிறது வேற டிஸ்க். அதுல எப்படி அது வரும்?"

"வந்திருக்கே."

"தொடாதீங்க. அப்படியே அணைச்சிடுங்க. நான் காலையில வந்து பாக்குறேன், சரியா? அக்கா, கேக்குதா?"

கேட்டது. போனை வைத்துவிட்டாள். பெட்டிக்குள் சுரண்டல் நின்றிருந்தது. யாரோ காத்துக்கொண்டிருக்கும் வீட்டில் இருக்கிற அமைதி.

மகளை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவள், பழைய டிஸ்க் செத்த அன்றைக்கு இன்னொரு தடவை பறிகொடுத்தாள். அவள் வரைந்த படங்கள், எழுதிய கிறுக்கல்கள், சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு பாடிய பாட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, கதவைச் சாத்திட்டுப் போ" என்று அவள் கத்துவதும் அதில் பதிவாகியிருந்தது. ஒன்றும் தேறவில்லை. அன்றைக்கு ஆல்பக்காரி அழுத அழுகைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், இன்னொரு பிள்ளை இருக்கிறதே, அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு ஈடா? ஊரார் கல்யாணத்தில் விட்டுப்போனவர்களையெல்லாம் ஒட்டிச் சேர்க்கிறவளால், தன் வீட்டில் விட்டுப்போன ஒருத்தியை எங்கிருந்தும் எடுத்து ஒட்ட முடியவில்லை.

அந்தத் தேதிக்குப் போனால் அந்தப் பாட்டும் இருக்கும்; அதை ஒரு தடவை கேட்டால் போதும். ஒரே தடவை. மறுபடியும் இந்தத் தேதிக்கே வந்துவிடலாம்.

"அம்மா, தூக்கு" என்று வாலு மேசைக்கு அடியிலிருந்து வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"இரு கண்ணு, இதோ முடிஞ்சிடும்."

அடுத்து, அடுத்து என்று அமுக்கினாள். எவை எவை நீக்கப்படும் என்று பார்க்கிறீர்களா என்று ஓரத்தில் ஒரு கேள்வி. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது, சம்மதமா என்று கடைசியாகக் கேட்டது. சம்மதம் என்றாள். திரை ஒரு முறை கறுத்து, வெளிறிய நீலமாகி, அடியில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலை வெளிச்சம் சட்டென்று வடிந்து, கூடத்தின் மூலைகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. எழுந்து விளக்கைப் போட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஈர மண் வாசனையோடு வேறொரு வாசனையும் கலந்து வந்தது. மூக்கைச் சுளிக்க வைக்கும், தலையில் ஏறும் வாசனை. நகப்பூச்சு. இந்த வீட்டில் நகப்பூச்சு பாட்டில் திறந்து வருஷக்கணக்கு ஆகிறது.

உள் அறையில் சக்கர நாற்காலி ஒன்று தரையில் உருண்டது. கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி ஆடுவாளே, பெரியவளின் அந்த நாற்காலி. கீச்சென்று ஒரு சுற்று. நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. அந்த நாற்காலியை ஆல்பக்காரியே எப்போதோ தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். அது வாலு தூங்குகிற அறை. அங்கே இப்போது ஒரு கட்டிலும் பொம்மைக் கூடையும் மட்டும்தான்.

ஆல்பக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நெஞ்சு குதித்தது. வந்துவிட்டாளா? என் பிள்ளை வந்துவிட்டாளா?

மேசையில் போன் அடித்தது. வீட்டுக்காரர். தூரத்து ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவர். வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது கூப்பிடுவார்.

"என்னம்மா, அங்க மழையா? பெரியவ டியூஷன்ல இருந்து வந்துட்டாளா? குடை எடுத்துட்டுப் போனாளா இல்லையா?"

அவர் கேட்டதைவிட அவர் கேட்ட விதம்தான் அவளைக் கொன்றது. குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. மகளைத் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. அது செத்துவிட்டதென்றே நினைத்திருந்தாள்.

"என்னங்க பேசறீங்க?"

"ஏன், நான் கேக்கக் கூடாதா? அவகிட்ட சொல்லு, அப்பா வர்றப்ப அந்த வாட்ச் வாங்கிட்டு வர்றேன்னு."

"வாலுவுக்குச் சளி" என்றாள்.

"யாருக்கு?"

"வாலுவுக்குங்க."

"யாரும்மா அது? பக்கத்து வீட்டுக் குழந்தையா?"

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். வாலுவின் உயரத்துக்கு, சுவர் நெடுகக் கிரேயான் கிறுக்கல் இருக்கும். எத்தனை தேய்த்தும் போகாத கிறுக்கல். இப்போது சுவர் வெள்ளையடித்த மாதிரி சுத்தமாக இருந்தது. வாசற்படியில் அந்தக் குட்டிச் செருப்பு இல்லை. அந்த இடத்தில் வார் பிய்ந்த ஒரு நீலச் செருப்பு, பெரிய பிள்ளையின் செருப்பு, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது.

அந்தத் தேதிக்கு அப்புறம் சேர்ந்தது மட்டும் போகும் என்று ரிப்பேர்காரர் சொன்னார். அந்தத் தேதிக்கு அப்புறம் இந்த வீட்டில் சேர்ந்தது என்ன? ஒரே ஒன்று.

"வாலு!"

"அம்மா" என்றது மேசைக்கு அடியிலிருந்து. குரல் குடத்துக்குள்ளிருந்து கிணற்றுக்குள் போயிருந்தது. "உள்ள ஒரு அக்கா இருக்காங்க."

குனிந்து வாரி எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். பாரம் அதே பாரம்தான். நேற்றும் முந்தாநாளும் இடுப்பை ஒடித்த அதே பாரம். ஆனால் பிள்ளையின் சட்டையில் இருந்த பூக்கள் மங்கிவிட்டன. தலைமுடியின் ஊடே எதிர்ச்சுவர் தெரிந்தது. புருவம் தெரிந்தது, கண்ணைத் தேட வேண்டியிருந்தது. திரையில் ஒரு படத்தை மெல்ல மெல்லக் கரைக்கும்போது இப்படித்தான் போகும். எத்தனை பேரை அவள் அப்படிக் கரைத்திருக்கிறாள், கல்யாணத்தில் வேண்டாதவர்களை.

வாலு வாயைத் திறந்தாள். அழுகிற வாய். சத்தம் வரவில்லை.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

விசைப்பலகையில் எதை எதையோ அடித்தாள். கோடு நகர்ந்தது. மவுஸை அமுக்கினாள். நகர்ந்தது. சுவரில் இருந்த பிளக் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். விரல் அதன் மேல் பட்டுவிட்டது.

"ஒரு நிமிஷம்மா."

உள் அறையிலிருந்து. சாப்பிடக் கூப்பிட்டால், குளிக்கக் கூப்பிட்டால், படுக்கக் கூப்பிட்டால் தினமும் வருகிற அதே பதில். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் கெஞ்சல். அவளுடைய குரல். பதிவு இல்லை. நிஜம். மூச்சு விட்டுவிட்டுப் பேசினாள்.

"ஒரே நிமிஷம்மா. பாதியில அணைச்சிடாத. ப்ளீஸ்மா."

ஆல்பக்காரியின் விரல் சுவிட்சிலேயே நின்றது. எத்தனை ராத்திரி இந்தக் குரலுக்காகத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் குழாய் மாட்டிய வாயால் பேச முடியாமல் கண்ணாலேயே கேட்ட பிள்ளை. அன்றைக்கு யாராவது ஒரு நிமிஷம் கொடுத்தார்களா? யாரும் கொடுக்கவில்லை. கேட்கிறாள். பெற்றவளிடம் கேட்கிறாள். எப்படி மறுப்பது?

கொடுத்தாள்.

கோடு நகர்ந்தது. உள்ளே நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. பாதங்கள் தரையில் ஊன்றின. அவள் அழுதாள். சிரித்தாள். என் கண்ணே, என் தங்கமே என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

கழுத்தில் ஏதோ இறுகியது.

குனிந்து பார்த்தாள். விரல்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சின்ன விரல்கள். அவள் கழுத்தைப் பற்றிக்கொண்டு, விழுந்துவிடுவோமோ என்று பயந்த பிள்ளை பற்றுவது போலப் பற்றிக்கொண்டு.

சுவிட்சைத் தட்டினாள்.

திரை அணைந்தது. டிஸ்க் ஒரு முறை முனகி நின்றது. கூடத்தில் இருட்டும் மழைச் சத்தமும் மட்டும். உள்ளே காலடிச் சத்தமும் நின்றுவிட்டது.

"வாலு?"

பதில் இல்லை. பாரம் இருந்தது. இடுப்பில் சூடு இருந்தது. சளி மூக்கு அவள் கழுத்தில் ஈரமாக உரசியது. மூச்சு வந்தது, போனது. கடவுளே, இருக்கிறாள். என் பிள்ளை இருக்கிறாள். ஆல்பக்காரி அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் போய் விளக்கைப் போட்டாள்.

இடுப்பில் யாரும் இல்லை. அவள் இடது கை, எதையோ தாங்குவது போல வளைந்து, காற்றை அணைத்துக்கொண்டிருந்தது. பாரம் மட்டும் குறையவில்லை. தடவிப் பார்த்தாள். முடி கையில் பட்டது. காது பட்டது. கன்னம் நனைந்திருந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை எத்தனை தேய்த்தாலும் இனி தெரியாது. அழுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. சத்தமில்லாமல், உடம்பு குலுங்க.

உள் அறைத் திரைச்சீலை விலகியது.

பெரியவள் நின்றாள்.

டியூஷனுக்குப் போகிற சுடிதார். மழையில் நனைந்த பின்னல். மோவாயில் அந்த மச்சம். பாதி பூசிய நகங்கள், இன்னும் காயாமல். எதுவும் குறையவில்லை. அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, போகும்போது எப்படி இருந்தாளோ அப்படியே.

"பெரியவளே" என்றாள் ஆல்பக்காரி. ஒரு அடி எடுத்து வைத்தாள்.

பெரியவளின் மார்பு ஏறி இறங்கவில்லை. கண் அவளைப் பார்த்தது, ஆனால் அவளைத் தெரிந்த கண்ணாக இல்லை. தலை மெல்லச் சாய்ந்தது. அவ்வளவு உயரமான பிள்ளை, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, குதிகாலைத் தூக்கி எக்கி, வாயைத் திறந்தாள்.

"அம்மா" என்றாள், சளி பிடித்து மூக்கடைத்த மழலைக் குரலில். "தூக்கு."

ஆல்பக்காரியின் இடுப்பிலிருந்த பாரம் நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கால்கள் அவளைச் சுற்றி வளைத்து இறுக்கின. கைகளை நீட்டியபடியே பெரியவள் நடந்து வந்தாள்.